2008 எஃப்.ஏ. கிண்ண இறுதி: போர்ட்ஸ்மௌத்தும் கார்டிஃபும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் இங்கிலாந்து உதைபந்தாட்டம் பார்க்கிற நம் பிள்ளைகளில் பாதிப் பேர் மன்செஸ்டர் யுனைட்டட், மீதிப் பேர் லிவர்பூல், ஆர்சனல், செல்சி. புறக்கோட்டை நடைபாதைக் கடைகளில் தொங்குகிற ஜேர்சிகளும் அவைதான். அதனால் எஃப்.ஏ. கிண்ணத்தின் (இங்கிலாந்தின் பெரிய கழகங்களும் சின்னக் கழகங்களும் ஒன்றாக ஆடும், தோற்றவர் வெளியேறும் போட்டி) 2008 இறுதிப்போட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் வெள்ளவத்தையிலும் சரி, கொட்டாஞ்சேனையிலும் சரி, திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எந்த ஆட்டத்தைச் சொல்கிறீர்கள்?

2008 மே 17, சனிக்கிழமை, லண்டன் வெம்ப்ளி மைதானம். போர்ட்ஸ்மௌத் 1, கார்டிஃப் சிட்டி 0. கோல் அடித்தவர் நைஜீரிய வீரர் கானு, 37வது நிமிடத்தில். மைதானத்தில் 89,874 பேர். அங்கே பிற்பகல் 3 மணி, நமக்கு இரவு ஏழரை.

அது ஏன் வரலாற்று ஆட்டம்? ஒரு கோல்தானே?

ஒரு கோல்தான். ஆனால் அதற்கு முந்தைய 12 ஆண்டுகளின் வெற்றியாளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1996 முதல் 2007 வரை ஆர்சனல், செல்சி, லிவர்பூல், மன்செஸ்டர் யுனைட்டட் என்ற நாலு பேரைத் தவிர ஐந்தாவது பெயர் அதில் கிடையாது. 1995இல் எவர்ட்டன் வென்றதுதான் கடைசி. இந்த நாலில் ஒன்றுகூட இல்லாத இறுதிப்போட்டி வேண்டுமென்றால் இன்னும் பின்னுக்குப் போய் 1991இல், டொட்டன்ஹமும் நொட்டிங்ஹம் ஃபொரஸ்டும் ஆடிய ஆட்டத்தில்தான் நிற்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2008க்குப் பிறகு நடந்தது. அந்த நாலோடு, பணம் வந்த பிறகான மன்செஸ்டர் சிட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009 தொடக்கம் 2025 வரை ஒவ்வொரு இறுதியிலும் இந்த ஐவரில் ஒருவராவது ஆடியிருக்கிறார்கள். விகன் 2013இல் வென்றது, லெஸ்டர் 2021இல் வென்றது, கிறிஸ்டல் பெலஸ் 2025இல் வென்றது, எல்லாம் அருமையான கதைகள். ஆனால் எதிரே நின்றது சிட்டி, செல்சி, மறுபடி சிட்டி. இரண்டு பக்கமும் எதிர்பாராத கழகங்கள் நின்ற கடைசி இறுதி 2008தான். அதனால்தான் அந்த ஆட்டத்தை யாராவது அலட்சியமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

பெரிய கழகங்கள் எல்லாம் எங்கே போயின?

அந்தப் பருவத்தின் அழகே அதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜனவரியில் நாலாவது சுற்று. போர்ட்ஸ்மௌத்துக்குப் பக்கத்து ஊரான ஹவண்டிலிருந்து 'ஹவண்ட் அண்ட் வோட்டர்லூவில்' என்று ஒரு கழகம், வேலைக்குப் போய்க்கொண்டே விளையாடுகிறவர்கள், லிவர்பூலின் அன்ஃபீல்டுக்கு வந்து இரண்டு தடவை முன்னிலை எடுத்தார்கள். கடைசியில் 5-2 என்று தோற்றாலும் அரங்கமே எழுந்து கைதட்டி அனுப்பியது.

பெப்ரவரி 16ஆம் திகதி ஆர்சனலை மன்செஸ்டர் யுனைட்டட் 4-0 என்று துவைத்தது. அதே நாள் லிவர்பூல் சொந்த மைதானத்தில் பார்ன்ஸ்லியிடம் 2-1 என்று விழுந்தது, அதுவும் தொண்ணூறு நிமிடம் தாண்டி, உபாதையீட்டு நேரத்தில் பிரையன் ஹவர்ட் அடித்த கோலில். பார்ன்ஸ்லி அப்போது இரண்டாம் பிரிவில் கீழே கிடந்து தவித்துக்கொண்டிருந்த கழகம்.

பிறகு வந்தது மார்ச் 8, காலிறுதி நாள். மத்தியானம் ஓல்ட் டிரஃபர்டில் யுனைட்டட்டுக்கும் போர்ட்ஸ்மௌத்துக்கும் ஆட்டம். யுனைட்டட் அந்த ஆண்டு பிரீமியர் லீக்கையும் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக்கையும் சேர்த்து வென்ற அணி, ரொனால்டோ, ரூனி, டெவெஸ் எல்லாரும் இருந்தார்கள். ஆட்டம் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தார்கள், பந்து உள்ளே போகவில்லை. கோல்காப்பாளர் வன் டெர் சார் காயத்தில் வெளியேற, குஷ்சாக் வந்தார். குஷ்சாக் பெட்டிக்குள் போர்ட்ஸ்மௌத்தின் பாரோஷை விழுத்திச் சிவப்பு அட்டை வாங்கினார். அப்புறம் கையுறையைப் போட்டுக்கொண்டு கோலில் நின்றது யார் தெரியுமா? பின்களத் தூண் ரியோ ஃபெர்டினண்ட். முந்தாரி 78வது நிமிடத்தில் தண்ட உதையை அடித்தார், ஆட்டம் முடிந்தது. அன்று மாலையே பார்ன்ஸ்லி செல்சியை 1-0 என்று வெளியேற்றியது. ஒரே நாளில் இரண்டு மலைகள் சரிந்தன.

மறுநாள் கார்டிஃப், பிரீமியர் லீக்கில் இருந்த மிடில்ஸ்பரோவை அவர்களுடைய மைதானத்திலேயே 2-0 என்று வென்றது. ஆக அரையிறுதிக்கு வந்த நாலு பேரில் முதல் பிரிவுக் (பிரீமியர் லீக்) கழகம் போர்ட்ஸ்மௌத் மட்டும்தான். அப்படி ஒன்று அதற்கு முன் நடந்தது 1908இல்.

கார்டிஃப் எப்படி அவ்வளவு தூரம் வந்தது? அதிர்ஷ்டமா?

குலுக்கல் தயவு காட்டியது உண்மை. மூன்றாம் சுற்றில் அவர்களுக்குக் கிடைத்தது சேஸ்டவுன், எட்டாவது படிநிலையில் ஆடுகிற சின்ன ஊர் அணி. அவர்களிடமே முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டுத்தான் 3-1 என்று மீண்டார்கள். பிறகு ஹெரஃபோர்ட் 2-1, வுல்வ்ஸ் 2-0, மிடில்ஸ்பரோ 2-0, அரையிறுதியில் பார்ன்ஸ்லி 1-0. அரையிறுதிக் கோலை அடித்தவர் ஜோ லெட்லி, கார்டிஃபில் பிறந்து அந்தக் கழகத்திலேயே வளர்ந்த பையன். இதற்கு மேல் ஒரு ஊருக்கு என்ன வேண்டும்?

லீக்கில் அவர்கள் அந்தப் பருவத்தை முடித்தது இரண்டாம் பிரிவில் 12ஆம் இடத்தில். இரண்டாம் பிரிவிலிருந்து கிண்ணத்தை வென்ற கடைசிக் கழகம் 1980இன் வெஸ்ட் ஹம்.

அண்ணை, போர்ட்ஸ்மௌத்தில் சோல் கம்பல், டேவிட் ஜேம்ஸ், கானு எல்லாம் இருந்தார்களே. அதை எப்படிச் சின்னக் கழகம் என்கிறீர்கள்?

நியாயமான கேள்வி, இதை மழுப்பக் கூடாது.

அந்த அணியைப் பாருங்கள். கோலில் ஜேம்ஸ். பின்களத்தில் கிளென் ஜோன்சன், தலைவர் சோல் கம்பல், சில்வன் டிஸ்டன், ஐஸ்லாந்துக்காரர் ஹெரெய்டார்சன். நடுவில் லசானா டியாரா, முந்தாரி, பெட்ரோ மென்டெஸ், கிரான்யார், உட்டாகா. முன்னுக்கு கானு. இதில் பலர் பெரிய கழகங்களில் ஆடியவர்கள், சிலர் பிறகு ஆடப் போகிறவர்கள். டியாரா அடுத்த ஜனவரியில் றியல் மட்ரிட்டுக்கே போனார். லீக்கில் 8ஆம் இடம். முகாமையாளர் ஹரி றெட்நப் சேர்த்த அணி, கெட்டிக்கார அணி.

ஆனால் கழகம் சின்னதுதான். ஃபிரட்டன் பார்க் என்பது இருபதாயிரம் பேர் அளவுக்கு இடமுள்ள பழைய மைதானம், சுற்றிவர வரிசை வீடுகள். ஊர் கடற்படைத் துறைமுக ஊர், கொட்டாஞ்சேனைக்குத் துறைமுகம் எப்படியோ அப்படித்தான் அந்த மக்களுக்கும் கப்பல்துறை. அந்த மைதானத்தின் வருமானத்தில் அந்த வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. உரிமையாளர் அலெக்சாந்தர் கேடமாக்கின் பணமும் கடனும்தான் தாங்கின. அந்த அணி கழகத்தின் சக்திக்கு மீறியது. அதற்கான விலையைக் கீழே சொல்கிறேன். அதனால் "ஏழை ஜெயித்த கதை" என்று இதைச் சொல்ல மாட்டேன். யாரும் எதிர்பார்க்காதவர்கள் ஜெயித்த கதை, அவ்வளவே.

கார்டிஃப் மட்டும் கடனில்லாமல் இருந்ததா?

இல்லை. லாங்ஸ்டன் என்ற நிறுவனம் கடனைத் திருப்பிக் கேட்டு அந்த ஆண்டே நீதிமன்றம் போயிருந்தது.

கார்டிஃப் வேல்ஸ் நாட்டில் இருக்கிறதே, இங்கிலாந்துக் கிண்ணத்தில் எப்படி ஆடலாம்?

வேல்ஸின் சில பழைய கழகங்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இங்கிலாந்து லீக்கில்தான் ஆடுகின்றன, கார்டிஃபும் சுவான்சியும் அதில் முக்கியமானவை. 1927இல் கார்டிஃப் இந்தக் கிண்ணத்தை வென்றே இருக்கிறது, ஆர்சனலை 1-0 என்று. இங்கிலாந்துக்கு வெளியே கிண்ணம் போன ஒரே தடவை அது. பி.பி.சி. வானொலியில் நேரடியாக ஒலிபரப்பான முதல் எஃப்.ஏ. கிண்ண இறுதியும் அதுதான்.

2008இல் கார்டிஃப் வென்றால், கிண்ணம் வென்ற கழகத்துக்குக் கிடைக்கும் யூஃபா கிண்ண (ஐரோப்பியக் கழகங்களின் போட்டி) இடத்துக்கு யார் போவது என்ற சிக்கல் எழுந்தது, ஏனென்றால் வேல்ஸ் கழகம் இங்கிலாந்தின் இடத்தை எடுக்க விதி இல்லை. இறுதிக்கு முன்னரே இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் வழிவிட்டது. அன்று வெம்ப்ளியில் வேல்ஸ் நாட்டுப் பண்ணும் பாடப்பட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும், மைதானத்தில் பாதிப் பேர் தொண்டை கிழியப் பாடுகிறார்கள்.

ஆட்டம் சலிப்பாக இருந்ததாமே?

பார்க்காதவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். அழகான ஆட்டம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் பதற்றம் கடைசி வரை குறையவில்லை, ஒரு கோல் எந்தப் பக்கம் விழுந்தாலும் கதை மாறும் என்ற நிலையில்தான் தொண்ணூறு நிமிடமும் போனது.

தொடக்கத்தில் நன்றாக ஆடியது கார்டிஃப். போல் பெரி உள்ளே புகுந்தார், ஜேம்ஸ் தடுத்துவிட்டார். பிறகு கானு கோல்காப்பாளரையும் தாண்டிப் போய், வெறும் கோல் எதிரே இருக்க, பந்தைக் கம்பத்தில் அடித்தார். கானுவின் கால் நீளம், நடை ஆறுதல், அவர் தவறவிடும்போதுகூட அவசரமே தெரியாது.

37வது நிமிடம். வலது பக்கத்திலிருந்து உட்டாகா பந்தை உள்ளே போட்டார். அது கோல்காப்பாளர் என்கல்மன் பிடிக்க வேண்டிய பந்து. கை பட்டது, ஆனால் நழுவி கானுவின் காலடிக்கே வந்தது. இந்தத் தடவை அவர் தவறவிடவில்லை.

இடைவேளைக்குச் சற்று முன் கார்டிஃபின் லூவென்ஸ் பந்தை வலைக்குள் அனுப்பினார். கார்டிஃப் கூட்டம் குதிக்க, மத்தியஸ்தர் மைக் டீன் விசில் ஊதினார், கையில் பட்டதென்று. சரியான தீர்ப்பு. இரண்டாம் பாதியில் கம்பலும் டிஸ்டனும் கதவைப் பூட்டிவிட்டார்கள். ஹசல்பைங்கைப் போன்ற பழம்பெரும் முன்கள வீரருக்கே இடம் கிடைக்கவில்லை.

போர்ட்ஸ்மௌத் அந்தக் கிண்ணப் பயணம் முழுவதிலும் வாங்கியது ஒரே ஒரு கோல், பிளிமத்திடம். இப்ஸ்விச் 1-0, பிளிமத் 2-1, பிரெஸ்டன் 1-0, யுனைட்டட் 1-0, வெஸ்ட் புரொம் 1-0, கார்டிஃப் 1-0. இந்த வரிசையைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இது ஒரு பின்களத்தின் சாதனைப் பத்திரம்.

என்கல்மன்தான் தோல்விக்குக் காரணமா?

பிழை அவருடையது. ஆனால் அந்த ஒரு பந்தை வைத்து ஒரு மனிதனை அளக்கிறது எனக்குப் பிடிக்காது. கார்டிஃப் அதற்குப் பிறகு 53 நிமிடம் ஆடியும் ஒரு கோலாவது அடிக்கவில்லையே.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1927இல் கார்டிஃப் வென்ற கோலும் ஒரு கோல்காப்பாளர் கைநழுவ விட்டதுதான். ஹியூகி ஃபெர்குசன் அடித்த சாதாரண உதையை ஆர்சனலின் டன் லூயிஸ் பிடித்தும் பிடிக்காமலும் உள்ளே விட்டார். அந்த டன் லூயிஸ் வேல்ஸ்காரர். சொந்த நாட்டுக் கழகத்துக்குக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார் என்று ஆயுள் முழுக்கப் பேச்சு வாங்கினார். கார்டிஃபுக்கு ஒரு கை கொடுத்ததை எண்பத்தொரு வருடம் கழித்து இன்னொரு கை எடுத்தது.

கானுவைப் பற்றி இன்னும் கொஞ்சம்?

எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். 1995இல் அயாக்ஸோடு ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக். 1996இல் அட்லாண்டாவில் நைஜீரியாவுக்கு ஒலிம்பிக் தங்கம். அதே ஆண்டு இன்டர் மிலானில் சேர்ந்தபோது மருத்துவப் பரிசோதனையில் இதயத்தில் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள், இனி ஆடவே முடியாது என்ற நிலை. சத்திரசிகிச்சை செய்து, மீண்டு வந்து, ஆர்சனலோடு லீக்கும் கிண்ணமும் வென்றார். பிற்பாடு ஆபிரிக்கப் பிள்ளைகளின் இதயச் சத்திரசிகிச்சைக்கென்று ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். 2008இல் அவருக்கு வயது 31, வேகமெல்லாம் போய்விட்டது. அப்படியிருந்தும் அரையிறுதிக் கோலும் இறுதிக் கோலும் அவருடையதே. அரையிறுதியில் தோற்றது வெஸ்ட் புரொம், அவருடைய முன்னாள் கழகம்.

ஜெர்மெய்ன் டிஃபோ ஏன் ஆடவில்லை?

ஜனவரியில் டொட்டன்ஹமிலிருந்து வந்தவர். அதே கிண்ணத்தில் அந்தப் பருவம் டொட்டன்ஹமுக்கு ஆடிவிட்டதால் விதிப்படி வேறு கழகத்துக்கு ஆட முடியாது.

கார்டிஃபில் ஒரு சின்னப் பையன் மாற்று வீரராக வந்தானாம், யார் அது?

ஆரன் றம்சி. அப்போது 17 வயது, விட்டிங்ஹமுக்குப் பதிலாக வந்தார். தோற்ற சில வாரங்களில் ஆர்சனலுக்குப் போனார். அதே வெம்ப்ளியில் 2014 இறுதியிலும் 2017 இறுதியிலும் ஆர்சனலின் வெற்றிக் கோலை அடித்தவர் அவர்தான். ஆர்சனல் ஜேர்சி போடுகிற நம் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லி நான் முதலில் காட்டுவது றம்சியைத்தான்.

கொழும்பில் அன்று யாராவது பார்த்தார்களா?

பார்த்தோம். ஆனால் அந்த நாட்களை நினைவு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், முந்தைய நாள்தான் கோட்டையில் குண்டு வெடித்திருந்தது. சோதனைச் சாவடிகள், அடையாள அட்டை, இரவில் அவசியமில்லாமல் தமிழர்கள் வெளியே இறங்காத காலம். கூட்டமாகச் சேர்ந்து பார்க்கிற வழக்கமெல்லாம் அன்று இல்லை, அவரவர் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த இரண்டு மணித்தியாலம் கெட்ட செய்தி எதுவும் வராத ஒரு திரையைப் பார்த்திருக்க முடிந்தது. அதற்காகவே அந்த ஆட்டத்தின் மேல் எனக்குத் தனி நன்றி உண்டு.

கிண்ணம் வென்ற பிறகு போர்ட்ஸ்மௌத்துக்கு என்ன ஆனது?

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 2008 நவம்பரில் யூஃபா கிண்ண ஆட்டத்துக்கு ஃபிரட்டன் பார்க்குக்கு ஏ.சி. மிலான் வந்தது. கபூலும் கானுவும் அடித்து 2-0 முன்னிலை. கடைசி நிமிடங்களில் ரொனால்டினியோவும் இன்சாகியும் அடித்து 2-2 ஆக்கினார்கள். வென்றிருக்க வேண்டிய ஆட்டம், ஆனாலும் அந்த ஊர் அந்த இரவை இன்னும் பேசுகிறது.

ஆனால் றெட்நப் அதற்கு முந்தைய மாதமே டொட்டன்ஹமுக்குப் போய்விட்டார். முந்தாரி, டியாரா, டிஃபோ என்று ஒவ்வொருவராக விற்றார்கள். உரிமையாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், சம்பளம் தாமதித்தது. 2010 பெப்ரவரியில் கழகம் வங்குரோத்து நிலைக்குப் போய் நீதிமன்றம் வழியாக நிர்வாகியின் பொறுப்பில் விழுந்தது. பிரீமியர் லீக்கில் இருக்கும்போது அப்படி ஆன முதல் கழகம். 9 புள்ளிகள் வெட்டினார்கள், கீழே இறங்கியது. அந்த நிலையிலும் அதே ஆண்டு மறுபடி கிண்ண இறுதிக்கு வந்து செல்சியிடம் 1-0 என்று தோற்றார்கள் என்பது வேறு கதை. கடன் 10 கோடிப் பவுணுக்கு மேல். ஊரில் சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்குக்கூடக் கொடுக்க வேண்டியிருந்தது. 2012இல் மூன்றாம் பிரிவு, 2013இல் நாலாம் பிரிவு.

அப்படியென்றால் அந்தக் கிண்ணம் தேவைதானா?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்க மாட்டேன். சம்பளம் வராத மைதான ஊழியர், பில் கட்டப்படாத கடைக்காரர், இவர்களை மறந்துவிட்டு "ஆனாலும் ஜெயித்தோமே" என்று சொல்வது சரியில்லை. நிர்வாகம் செய்தது பிழை.

ஆனால் அந்த மக்களைப் பாருங்கள். 2013இல் கழகம் மூடப்படும் நிலை வந்தபோது ரசிகர்கள் ஆளுக்கு ஆயிரம் பவுண் பங்கு போட்டுக் கழகத்தை வாங்கினார்கள். ஓய்வூதியக்காரர்கள், சேர்ந்து பங்கு வாங்கிய குடும்பங்கள், கப்பல்துறைத் தொழிலாளர்கள். நாலாம் பிரிவிலும் ஃபிரட்டன் பார்க் நிரம்பியது. 2017இல் நாலாம் பிரிவுச் சம்பியன் ஆன பிறகுதான், ரசிகர்களே வாக்களித்து, டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கல் ஐஸ்னரின் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். 2024இல் மூன்றாம் பிரிவை வென்று இரண்டாம் பிரிவுக்குத் திரும்பினார்கள். மறு பருவத்தில் கார்டிஃபும் அதே பிரிவில் இருந்தது, பருவ முடிவில் கார்டிஃப் கீழே இறங்கியது.

போர்ட்ஸ்மௌத் அதற்கு முன் எப்போதாவது வென்றிருக்கிறதா?

1939இல், வுல்வ்ஸை 4-1 என்று. அந்த ஆண்டே உலகப் போர் தொடங்கி போட்டி நின்றுபோனதால் 1946 வரை கிண்ணம் அவர்களிடமே இருந்தது.

றெட்நப்பைப் பற்றி ஒரு சாதனை சொல்வார்களே?

எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற கடைசி ஆங்கிலேய முகாமையாளர். 2025 முடியும் வரை வேறு ஆங்கிலேயர் யாரும் வெல்லவில்லை.

இப்போது பார்ப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

இறுதியை முதலில் பார்க்காதீர்கள். மார்ச் 8 ஓல்ட் டிரஃபர்ட் ஆட்டத்தின் சுருக்கத்திலிருந்து தொடங்குங்கள், ஃபெர்டினண்ட் கையுறை போடுகிற கட்டத்தைத் தவறவிட வேண்டாம். அப்புறம் பார்ன்ஸ்லி செல்சியை வென்றது. அப்புறம் லெட்லியின் அரையிறுதிக் கோல். பிறகு இறுதியை முழுதாக, நாட்டுப் பண்ணிலிருந்து பாருங்கள். சுருக்கத்தில் அந்த ஆட்டம் ஒன்றுமில்லாத மாதிரித்தான் தெரியும், கானுவின் கோலும் என்கல்மனின் கையும் மட்டும்தான் காட்டுவார்கள். இரண்டாம் பாதியில் கம்பல் எங்கே நிற்கிறார், டியாரா எத்தனை தடவை பந்தைப் பறிக்கிறார் என்று கவனியுங்கள். பாடசாலை அணியில் பின்களத்தில் ஆடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.